பால்டர்ஸ் கேட் 3: கிரிமுக்கு அடியே ஏற மாட்டேங்குது, அடமன்டைன் ஃபோர்ஜ் சண்டையை எப்படி முடிக்கிறது?

கேள்வி

பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம், ஆக்ட் 1 (முதல் பாகம்), கிரிம்ஃபோர்ஜ்ங்கிற இடம். பழைய பட்டறை வரைக்கும் வந்தாச்சு. பேலன்ஸ்ட் மோட் (நடுத்தரக் கஷ்டம்), நாலு பேரும் லெவல் 5. லேஸெல் (ஃபைட்டர், இரண்டு கை வாள், கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுத்திருக்கேன்), ஷேடோஹார்ட் (கிளெரிக், ஆரம்பத்துல வந்த டிரிக்கரி அப்படியே இருக்கு), அஸ்டாரியன் (ரோக், வில்), என் ஆள் சோர்சரர். சோர்சரர்கிட்ட பெரும்பாலும் நெருப்பு ஸ்பெல்தான்.

மோல்ட் (வார்ப்பு அச்சு) போட்டு, மித்ரல் (உலோகக் கட்டி) போட்டு, மேடையை இறக்கி, லாவா வால்வைத் திருப்பினதும் கிரிம் (பட்டறையைக் காக்கிற பெரிய உலோக பூதம்) எழுந்து வருது. முதல் டர்ன்ல வாளால அடிச்சா "இம்யூன்" (பாதிப்பே இல்ல). அம்பு விட்டா "இம்யூன்". ஃபயர்பாலும் அதே கதை. மூணாவது டர்ன்ல லேஸெல் லாவாவுக்குள்ள கால் வெச்சு அங்கேயே காலி. நடுவுல இருக்கிற பெரிய சுத்தியலை அது மேல போடணும்னு புரியுது, ஆனா லீவர் இழுக்கும்போதெல்லாம் கிரிம் வேற எங்கயோ நிக்குது.

ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, இதை எப்படி அடிக்கிறது? ரெண்டு, மித்ரல் ரெண்டே கட்டிதான் கெடைச்சிருக்கு, மோல்ட் ஆறு வகை இருக்கு. எதைச் செஞ்சா வீண் போகாது?

பதில் 1

"இம்யூன்"னு வர்றது பிழை இல்லைங்க, அந்தச் சண்டையோட சூத்திரமே அதுதான். கிரிம் ஆறின நிலையில இருக்கும்போது எந்த அடியும் ஏறாது. லாவாவுக்குள்ள நின்னா உடம்பு பழுத்துச் சிவந்து "சூப்பர்ஹீட்டட்" நிலைக்கு வரும். அப்போதான் தோல் இளகும். அதோட, அந்த நிலையில பிளட்ஜனிங் அடிக்கு, அதாவது சுத்தியல், கதாயுதம், தடி, கை முஷ்டி மாதிரி நசுக்குற அடிக்கு, இரட்டிப்பு சேதம். லாவாவை விட்டு வெளிய வந்தா கொஞ்ச டர்ன்ல ஆறிடும், மறுபடி இரும்பு மாதிரி ஆகிடும். லாவாவும் நிரந்தரம் இல்ல, வடிஞ்சுடும். வடிஞ்சதும் யாராவது போய் வால்வைத் திருப்பணும்.

ஆக அடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டர்னும் ஒரு வேலை: கர்சரை கிரிம் மேல வெச்சு, நிலைகள் பட்டியல்ல சூப்பர்ஹீட்டட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்த டர்ன்ல சேதம் பண்றதுக்காக ஆயுதத்தைத் தொடவே வேணாம். வால்வு, இடம் மாத்துறது, மருந்து குடிக்கிறது, இதுக்கு அந்த டர்னைச் செலவு பண்ணுங்க.

பேலன்ஸ்ட்ல அதுக்கு உயிர் 300. நடுச் சுத்தியலும் நசுக்குற அடிதான், அதனால சூடா இருக்கும்போது விழுந்தா இரட்டிப்பாகும். சரியா ரெண்டு தடவை விழ வெச்சா போதும், கதை முடிஞ்சது. லேஸெல் வாளை எடுக்கவே தேவையில்ல.

சுத்தியல் தப்புறதுக்குக் காரணம் வேற. கிரிம் யாரைத் துரத்தும்னு ஒரு விதி இருக்கு: தன்னைக் கடைசியா அடிச்சது யாரோ, அவங்களை நோக்கித்தான் வரும். பக்கத்துல நிக்கிறவங்க, உயிர் கம்மியா இருக்கிறவங்க, இதெல்லாம் அதுக்குக் கணக்கு இல்ல. அந்த ஆளை எட்டி அடிக்கிற தூரம் வந்ததும் நின்னுடும். அதனால கேள்வி "கிரிமை நடுவுக்கு எப்படிக் கொண்டு வர்றது" இல்ல. "யாரு எங்க நின்னா கிரிம் நடுவுல *நிக்கும்*" என்பதுதான்.

விடை இது. சுத்தியல் விழுற வட்டத்தை ஒட்டி, லாவா எட்டாத காய்ஞ்ச விளிம்புல ஒரு ஆளை நிறுத்துங்க. கிரிம் வட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கணும், உங்க ஆள் இந்தப் பக்கம். அந்த ஆள்தான் கடைசியா ஒரு அடி விடணும். கிரிம் நேர்க்கோட்டுல வட்டத்தைக் கடந்து வந்து, கை எட்டினதும் நிக்கும். அது பெரிய உடம்பு, அதனால நிக்கும்போது சுத்தியலுக்கு நேர் கீழ இருக்கும். ஆள் விளிம்பை விட்டு ரொம்பப் பின்னாடி நின்னா கிரிம் வட்டத்தைத் தாண்டி வந்துடும், சுத்தியல் வெறும் தரையில விழும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

உங்க நாலு பேருக்கு இப்படி வேலை பிரிக்கலாம். ஷேடோஹார்ட் லீவர் பக்கத்துல, அவ்வளவுதான், வேற வேலை கொடுக்காதீங்க. சோர்சரர் வால்வு பக்கத்துல. அஸ்டாரியனும் லேஸெலும் வட்டத்துக்கு எதிர் எதிர் பக்கத்துல தூண்டில். முதல்ல அஸ்டாரியன் அம்பு விட்டு இழுக்கட்டும். சுத்தியல் விழுந்ததும் லேஸெல் ஒரு அடி விட்டா, கிரிம் திரும்பி அதே வட்டத்தைக் கடந்து அவங்க பக்கம் போகும். ரெண்டாவது சுத்தியல் அங்க.

முக்கியமா, சுத்தியல் ஆள் பார்க்காது. வட்டத்துக்குள்ள உங்க ஆள் இருந்தா அவங்களும் கூழ்தான்.

வால்வைத் திருப்புறதுக்கு முன்னாடி எஃப்5 அழுத்தி சேவ் பண்ணிட்டு, ஜி அழுத்தி குரூப்பைப் பிரிச்சு, ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அவங்க இடத்துல கொண்டு போய் நிறுத்துங்க. குரூப்போட இருந்து வால்வைத் திருப்பினா நாலு பேரும் ஒரே மூலையில கும்பலா நிப்பீங்க, முதல் டர்னே பாழ். வால்வும் லீவரும் எங்கெங்க இருக்குன்னு சண்டைக்கு முன்னாடியே நடந்து பார்த்து, எத்தனை மீட்டர்னு கணக்குப் போட்டுக்கோங்க. ஒரு ஆளோட சாதாரண நடை 9 மீட்டர்தான். லாங்ஸ்ட்ரைடர் யாருக்காவது இருந்தா சண்டைக்கு முன்னாடி எல்லாருக்கும் போட்டுடுங்க. அது ரிச்சுவல், சண்டைக்கு வெளிய ஸ்பெல் ஸ்லாட் செலவாகாது, தலைக்கு 3 மீட்டர் கூடும்.

பதில் 2

மேல சொன்னது சரி. ஆனா சுத்தியலை மட்டும் நம்பாதீங்க, ஒரு தடவை தப்பினா அடுத்த வாய்ப்புக்கு ரெண்டு மூணு டர்ன் ஆகும். அந்த இடைவெளியில கையாலயும் அடிக்கத் தெரிஞ்சிருக்கணும்.

லேஸெல்கிட்ட இருக்கிற வாளை இந்த ஒரு சண்டைக்கு மட்டும் பையில போட்டுட்டு ஒரு மால் கொடுங்க (ரெண்டு கையால தூக்குற பெரிய சுத்தியல்). ஃபைட்டருக்கு எல்லா ஆயுதமும் பழக்கம், அதனால எதுவும் குறையாது. கணக்குப் பாருங்க: மாலோட டைஸ் 2டி6 (ஆறு முகப் பகடை ரெண்டு), சராசரி 7. லேஸெலோட பலம் 17ஆ இருந்தா கூட 3. மொத்தம் 10, கிரிம் சூடா இருந்தா 20. கிரேட் வெப்பன் மாஸ்டரோட "ஆல் இன்" போட்டா அடி விழற வாய்ப்பு 5 குறையும், சேதம் 10 கூடும். அப்போ 20 இரட்டிச்சு 40. 300 உயிருக்கு எட்டு அடி. லெவல் 5ல ஒரு ஆக்ஷனுக்கு ரெண்டு அடி, ஆக்ஷன் சர்ஜ் (ஃபைட்டருக்குக் கிடைக்கிற கூடுதல் ஆக்ஷன்) போட்டா நாலு.

சோர்சரர் நெருப்பு ஸ்பெல் எதையும் தொட வேணாம். லாவாவுல குளிக்கிற ஜந்துகிட்ட ஃபயர்பால் எதுக்கு? அதைவிடப் பெரிய வேலை இருக்கு. லெவல் 5 சோர்சரருக்கு ஹேஸ்ட் (கூடுதல் ஆக்ஷன் கொடுக்கிற ஸ்பெல்) எடுக்கலாம். ட்வின்ட் மெட்டாமேஜிக் இருந்தா 3 சோர்சரி பாயின்ட் கொடுத்து ஒரே ஹேஸ்டை ரெண்டு பேருக்குப் போடலாம், உங்ககிட்ட 5 இருக்கும். லேஸெலுக்கும் அஸ்டாரியனுக்கும் போடுங்க. பேலன்ஸ்ட்லயும் டாக்டிஷியன்லயும் ஹேஸ்ட் கொடுக்கிற கூடுதல் ஆக்ஷன்லயும் முழுசா ரெண்டு அடி கிடைக்கும். ஹானர் மோட்ல அது ஒரு அடியாக் குறைஞ்சுடும். ஆக லேஸெல் ஹேஸ்ட்டோட ஆக்ஷன் சர்ஜும் சேர்த்தா ஒரே டர்ன்ல ஆறு அடி.

ஆனா இதுல ஒரு ஆபத்து. ஹேஸ்ட் கான்சன்ட்ரேஷன் ஸ்பெல், போட்டவரோட கவனம் கலையாத வரைக்கும்தான் நிக்கும். சோர்சரர் அடி வாங்கி கான்சன்ட்ரேஷன் உடைஞ்சா, ஹேஸ்ட் வாங்கின ரெண்டு பேரும் சோர்ந்து போய் ஒரு டர்ன் சும்மா நிப்பாங்க. கிரிம் முன்னாடி அப்படி நின்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதனாலதான் சோர்சரர் கிரிமை *அடிக்கவே கூடாது*. கடைசியா அடிச்சவங்களைத்தானே துரத்தும்? ஃபயர் போல்ட் ஒண்ணு விட்டீங்கன்னா நேரா உங்ககிட்ட வரும்.

ஷேடோஹார்ட் ஆரம்பத்துல கொண்டு வர்ற கதாயுதம் (மேஸ்) நசுக்குற வகைதான். பலம் 13ல பெரிசா வராது, ஆனா சூடா இருக்கும்போது ஒண்ணு ரெண்டு அடி விட்டா நஷ்டமில்ல. அதைவிட பிளெஸ் நல்லது. மூணு பேருக்கு அடி விழற வாய்ப்பு 1டி4 கூடும், "ஆல் இன்" போட்டு இழந்த 5ல பாதி திரும்பி வந்துடும். ஷேடோஹார்ட் எட்ட நிக்கிற வரைக்கும் அதுவும் உடையாது.

கேட்டவர்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இடம் மாத்தி நிறுத்தினேன், முதல் சுத்தியல் நச்சுன்னு விழுந்து பாதிக்கு மேல போயிடுச்சு. ஆனா அடுத்த தடவை கிரிம் லேஸெல் பக்கம் திரும்பவே இல்ல. ஷேடோஹார்ட்டை நோக்கி லீவர் பக்கம் ஏறி வந்துடுச்சு. லேஸெல்தான் அந்த டர்ன்ல முதல்ல அடிச்சாங்க, அப்புறம் ஏன்?

பதில் 1

லேஸெலுக்கு அப்புறம் ஷேடோஹார்ட் ஏதாவது விட்டாங்களா? கைடிங் போல்ட், சேக்ரட் ஃப்ளேம், எதுவா இருந்தாலும் அதுதான் காரணம்.

திரைக்கு மேல வரிசையா முகங்கள் இருக்குல்ல, அதுதான் டர்ன் வரிசை. அதுல கிரிமோட படத்தைக் கண்டுபிடிச்சு, அதுக்கு இடது பக்கம், ஒட்டினாப்ல யார் இருக்காங்கன்னு பாருங்க. கிரிம் நகர்றதுக்கு முன்னாடி கடைசியா விளையாடுறது அந்த ஆள். அந்த ஆளோ, அவருக்கு முன்னாடி இருக்கிற தூண்டில் ஆளோதான் கடைசி அடியை விடணும். தூண்டிலுக்கும் கிரிமுக்கும் நடுவுல இருக்கிறவங்க எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

அதே மாதிரி லீவர் இழுக்கிற ஆள் வரிசையில கிரிமுக்கு *அப்புறம்* வரணும், தூண்டிலுக்கு முன்னாடி. கிரிம் வந்து நடுவுல நின்ன பிறகு, தூண்டில் நகர்றதுக்கு முன்னாடி, லீவர் விழணும். வரிசை அப்படி அமையலைன்னா வேலையை மாத்திக்கோங்க. அஸ்டாரியனுக்கு டெக்ஸ்டெரிட்டி அதிகம், இனிஷியேட்டிவ்ல பெரும்பாலும் முன்னாடி வருவார். அதனால சிலருக்கு அஸ்டாரியனை லீவர்ல வெச்சு, ஷேடோஹார்ட்டைத் தூண்டிலா வெக்கிறது சரியா வரும். உங்க சேவ்ல எந்த வரிசை வருதோ அதைப் பார்த்து முடிவு பண்ணுங்க, பேருக்கு ஏத்த மாதிரி இல்ல.

நம்ம பார்ட்டி ஆளுங்க ரெண்டு பேர் வரிசையில அடுத்தடுத்து இருந்தா, அவங்க டர்னை எந்த வரிசையிலயும் விளையாடலாம், நடுவுல மாறி மாறியும் விளையாடலாம். ஷேடோஹார்ட் முதல்ல தன் வேலையை முடிச்சிட்டு, அப்புறம் லேஸெல் அடிச்சா, கடைசி அடி லேஸெலோடதா ஆகிடும். நிறைய பேர் இதைக் கவனிக்கிறதே இல்ல.

இப்போ கிரிம் லீவர் பக்கம் வந்துடுச்சுன்னா பயப்படாதீங்க. ஷேடோஹார்ட் டிஸ்எங்கேஜ் போட்டு விலகட்டும். சும்மா நடந்து விலகினா ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் விழும். மிஸ்டி ஸ்டெப் இருந்தா இன்னும் சுகம், போனஸ் ஆக்ஷன்தான், 18 மீட்டர், அதுக்கு அந்த இலவச அடியும் விழாது. அஸ்டாரியன் எதிர் விளிம்புக்குப் போய் ஒரு அம்பு விடட்டும். அடியே ஏறாட்டாலும் பரவாயில்ல, அம்பு பட்டா திரும்பும். அதுக்குள்ள லாவா வடிஞ்சிருந்தா சோர்சரர் வால்வைத் திருப்பட்டும். அது லாவாவைக் கடந்து வரும்போதே மறுபடி சூடாகிடும்.

பதில் 3

இன்னொரு சின்ன விஷயம், லேஸெல் லாவாவுல விழுந்ததுக்கு. கிரிமுக்குப் பக்கத்துல போய் அடின்னு நேரா கிரிம் மேல கிளிக் பண்ணினா, கேம் தானா ஒரு வழி போடும். அந்த வழி சில சமயம் லாவா விளிம்புல போகும். முதல்ல நடை, அப்புறம் அடி, ரெண்டையும் தனித்தனியா கிளிக் பண்ணுங்க. தரையில கோடு எங்க போகுதுன்னு பார்த்துட்டு நகருங்க. லெவல் 5 ஆளுக்கு லாவாங்கிறது "கொஞ்சம் சேதம்" இல்ல, கிட்டத்தட்ட சாவு. நெருப்பு எதிர்ப்பு மருந்து குடிச்சிருக்கோம்னு அதுல இறங்கவும் வேணாம்.

வழியில பறந்துக்கிட்டிருக்கிற மாக்மா மெஃபிட்டுகளும் (சின்ன நெருப்புப் பிசாசுங்க) இப்படித்தான். செத்ததும் வெடிக்கும். கிட்டப் போய் வெட்டாதீங்க, தூரத்துல இருந்து அம்பு.

பதில் 4

ரெண்டாவது கேள்வியை யாரும் தொடலையே. ஆறு மோல்ட்: நீள வாள், சிமிட்டர், மேஸ், கேடயம், ஸ்கேல் மெயில், ஸ்ப்ளின்ட். மித்ரல் ரெண்டே ரெண்டு. ஆயுதம் செய்யாதீங்க. அதுங்க எதிரியோட ரெசிஸ்டன்ஸைக் கண்டுக்காம வெட்டும், நல்லதுதான். ஆனா ஆக்ட் 2லயே அதைவிட நல்ல ஆயுதம் கையில வந்துடும். கிரிட்டிக்கலே (எதிரியோட உச்ச அடி) விழாத கவசம் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஸ்ப்ளின்ட் ஹெவி ஆர்மர் (கனமான கவசம்), ஏசி (தற்காப்பு எண்) 18. உங்க மேல விழற எல்லா அடியிலயும் 2 கழியும், கிரிட்டிக்கல் விழாது, கிட்ட வந்து அடிக்கிறவனுக்கு 3 டர்ன் ரீலிங். ரீலிங்னா மிச்சம் இருக்கிற ஒவ்வொரு டர்னுக்கும் அடி விழற வாய்ப்புல 1 குறையும், அதாவது முதல்ல 3 குறையும். லேஸெலுக்கு இதைவிட வேற வேணாம்.

ஸ்கேல் மெயில் மீடியம் ஆர்மர், ஏசி 16, டெக்ஸ்டெரிட்டியில இருந்து 2 வரைக்கும் கூடும். 1 கழியும், கிரிட்டிக்கல் இல்ல, ரீலிங் 2 டர்ன். உங்க ஷேடோஹார்ட் டிரிக்கரி டொமைன். அந்த டொமைனுக்கு ஹெவி ஆர்மர் பழக்கம் கிடையாது, மீடியமும் கேடயமும்தான். அதனால ரெண்டாவது இதுதான் சரி. கேம்ப்ல விதர்ஸ்கிட்ட 100 தங்கம் கொடுத்து ஹெவி ஆர்மர் வர்ற டொமைனுக்கு மாத்துற எண்ணம் இருந்தா மட்டும் யோசிங்க. கார்லாக்கைப் பார்ட்டிக்குக் கொண்டு வரப் போறீங்கன்னாலும் ஸ்கேல் மெயில்தான். அவங்க பார்பேரியன், ஹெவி ஆர்மர் போட்டா ரேஜ் பலன் கிடைக்காது.

கேடயமும் மோசமில்ல, கேடயம் பழக்கம் இருக்கிற யாருக்கு வேணா மாத்தி மாத்திக் கொடுக்கலாம். ஆனா ரெண்டு கை ஆயுதம் தூக்குற லேஸெலுக்கு அது உதவாது. கிரிம்கிட்ட இருந்து விழற ஹெல்மெட்டும் கிரிட்டிக்கலைத் தடுக்கும். ஸ்ப்ளின்ட் போட்ட ஆளுக்கே அதையும் மாட்டினா ஒரே பலன் ரெண்டு தடவை, வீண்.

ரெண்டாவது பொருள் செய்யும்போது கிரிம் மறுபடி வராது. மோல்ட், மித்ரல், மேடை இறக்கம், வால்வு, சுத்தியல், அவ்வளவுதான், நிதானமாச் செய்யலாம். சண்டை முடிஞ்சும் முதல் பொருள் கண்ணுக்குப் படலைன்னா, வால்வைத் திருப்பி சுத்தியலை ஒரு தடவை இறக்குங்க. லாவா வடிஞ்சதும் ஆல்ட் அழுத்திப் பார்த்தா பேர் தெரியும்.

பதில் 5

கேட்டவருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தச் சண்டைக்கு முன்னாடி ஸ்பெல் ஸ்லாட் நிரப்பிக்கலாம்னு லாங் ரெஸ்ட் (கேம்ப்ல ராத்திரித் தூக்கம்) எடுக்கப் போறீங்கன்னா, முதல்ல நீயர் விஷயம் எந்த நிலையில இருக்குன்னு பாருங்க. இடிபாட்டுக்குப் பின்னால, விஷப் புகையில சிக்கியிருக்கிறாரே, அவர்தான். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு லாங் ரெஸ்ட்டா எடுத்துக்கிட்டே போனா அவரும் சாவார், உள்ள மாட்டியிருக்கிற நோம் அடிமைகளும் சாவாங்க. அந்த குவெஸ்ட் அத்தோட முடிஞ்சுடும்.

நோம்களைக் காப்பாத்தணும்னு நினைச்சா வரிசை இதுதான்: பழைய பட்டறைப் பக்கம் ஒளிஞ்சிருக்கிற ஃபிலோமீன்கிட்ட இருந்து ரூன்பவுடர் (வெடிமருந்து) வாங்குங்க, திரும்பிப் போய் இடிபாட்டை வெடிங்க, நீயர் கணக்கைத் தீருங்க, அப்புறம் லாங் ரெஸ்ட், அப்புறம் கிரிம். பட்டறையில வேபாயின்ட் (உடனே வந்து சேர்ற இடம்) இருக்கு, ஒரு தடவை திறந்துட்டா திரும்பி வர ஒரு நிமிஷம். ஃபிலோமீன்கிட்ட பேசும்போது ஒரு சேவ் போட்டுக்கோங்க, கையில வெடிமருந்தோட பதட்டமா நிக்கிறாங்க, பேச்சு தப்பிப் போனா பார்ட்டியே பறந்துடும்.

ஷார்ட் ரெஸ்ட் தாராளமா எடுக்கலாம், அதனால நீயருக்கு எதுவும் ஆகாது. லேஸெலோட ஆக்ஷன் சர்ஜ் அதுலயே திரும்பி வந்துடும்.

கேட்டவர்

ஷேடோஹார்ட்தான் கைடிங் போல்ட் விட்டிருக்காங்க, காம்பாட் லாக்ல பார்த்தேன். நீயர் இன்னும் உள்ளதான் இருக்கார், ஒரு லாங் ரெஸ்ட் போயாச்சு. பழைய சேவுக்குப் போய் ஃபிலோமீன்ல இருந்து தொடங்குறேன். மால் எங்க கிடைக்கும்? என் பையில வார்ஹாமர் ஒண்ணுதான் இருக்கு.

பதில் 2

வார்ஹாமரே போதும். ரெண்டு கையால பிடிச்சா 1டி10, சராசரி 5.5, மாலைவிட ஒன்றரைதான் கம்மி. கேடயம் இருந்தா கழட்டிட்டு ரெண்டு கையால பிடிக்க விடுங்க. "ஆல் இன்" பட்டன் எரியுதான்னு ஹாட்பார்ல பாருங்க. எரியலைன்னா வியாபாரிங்ககிட்ட சாதாரண மால் தேடுங்க, மேஜிக் எதுவும் இல்லாத மலிவான மால் கூட இதுக்குப் போதும்.